டேங்குக்கு மூன்று ரூபாய்

பூச்சிமருந்துக் கடை திருவேங்கடத்துக்குத் துலுக்கானம் தரவேண்டிய பாக்கி இருநூற்று எழுபது ரூபாய். முதுகில் மாட்டி மருந்தடிக்கிற மெஷினை அவரிடம் நானூறு ரூபாய்க்குக் கடனாக எடுத்திருந்தான். பாரிவாக்கத்து வயல்களில் ஒரு டேங்க் அடித்தால் மூன்று ரூபாய் கூலி. அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவந்தான்.

தொண்ணூற்று நான்கில் விவசாய ஆபீசர் வந்தார். வாராவாரம் எல்லாரையும் வரப்புக்குக் கூட்டிப்போய்ப் பூச்சி எண்ணச் சொன்னார். பூச்சியைத் தின்கிற சிலந்தி நிறைய இருந்தால் மருந்தே வேண்டாம் என்றார். கூலியில்லாமல் சும்மா நின்ற துலுக்கானமே இறங்கித் தூர்தூராக எண்ணிச் சொன்னான். சிலந்தி நிறையவே இருந்தது. அந்தப் போகம் அவனை மருந்தடிக்க ஒருவரும் கூப்பிடவில்லை. நெல்லும் நன்றாக விளைந்தது.

அறுப்பு முடிந்ததும் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னாடா, துட்டு கொணாந்தியா?"

"துட்டு எங்க கீது நைனா? இத்த நீயே வச்சிக்க."

"இனிமே எவன்டா இத்த வாங்குவான்? நீ எண்ணன சிலந்தி வந்து வாங்குமா?"

துலுக்கானம் மெஷினைக் கடை வாசலில் இறக்கி வைத்தான்.

"சரி, பொயப்புக்கு இன்னா பண்ணுவே?"

"அம்பத்தூர்ல மூட்ட தூக்கப் போறேன்."

திருவேங்கடம் மெஷினை மூலையில் வைத்துவிட்டு, நோட்டில் அவன் பெயரையும் பாக்கியையும் கோடு போட்டு அடித்தார். அதுவரை கட்டிய நூற்று முப்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை.