இழுப்பு அளக்கும் பெட்டி

தனுஜா டீச்சர் வீட்டில் இழுப்பு அளக்கிற மெஷின் வந்திருக்கிறதாம். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் பெரியாயி குடத்தை அப்படியே போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினாள். தண்ணீரா முக்கியம்? கட்டியவன் மாரிசாமி மூன்று வருஷமாக மூச்சுக்கு அல்லாடுகிறான். கேட்டால் ஒரே பதில்: "ஒண்ணுமில்ல புள்ள, பனிக்குத்தான்." ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற இடத்தில் இருபத்தெட்டு வருஷம் தூசியைக் குடித்த நெஞ்சுக்குப் பனியாம், பனி! பதுளைப் பெரியாஸ்பத்திரி என்று வாயெடுத்தால் அவனுக்குக் காதே கேட்காது. இப்படியே விட்டால் ஆளைப் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயத்திலேயே அவள் பாதியாய் இளைத்திருந்தாள்.

"ஊசி இல்ல, மருந்து இல்ல. சும்மா அளக்கத்தான். கெளம்புங்க" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனாள்.

பூனாகலைத் தோட்டம் முழுக்க பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற தனுஜா, லீவு நாளில் பழைய தேயிலைப் பெட்டிகள் மூன்றை ஒட்டி ஒரு நீளக் கூடு செய்திருந்தாள். ஒரு முனை திறந்த வாய். மறுமுனையில் ஒரு ஃபேன் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் ஊதுபத்திகள் வரிசையாக எரிந்தன. நடுவே கண்ணாடி, அதற்குள் மெல்லிய கம்பியின் நுனியில் மரத்தில் செதுக்கிய மீன் ஒன்று. கம்பியின் அடியில் தராசில் இருக்கிற மாதிரி ஒரு முள்.

புகை இழை இழையாய் வந்தது. மீனின் மூக்கருகே விலகி, வயிற்றோரம் வழுக்கி, வாலுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒன்று சேர்ந்தது. வெளியே மஞ்சு, உள்ளே புகை. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அம்மாடி, எவ்வளவு அழகு! வீடே மிதக்கிற மாதிரி இருந்தது பெரியாயிக்கு. வந்த காரியமே அவளுக்கு மறந்துவிட்டது.

"மனுசன் பறக்க ஆசப்பட்ட காலத்துல இப்பிடித்தாங்க அக்கா பெட்டி செஞ்சு பாத்தாங்க" என்றாள் தனுஜா. "றெக்கைய ஓடவிடாம நிறுத்திட்டு, காத்த ஓடவிட்டாங்க. காத்து எவ்வளவு பின்னுக்கு இழுக்குதுன்னு இந்த முள்ளு காட்டும்."

மீனுக்கு முள் ஒன்றில் நின்றது. அதைக் கழற்றி, அதே அகலத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். முள் பன்னிரண்டுக்குப் பாய்ந்தது. அட்டைக்குப் பின்னால் புகை சிக்கிச் சுழன்றது.

"மீனு தேவல. காத்துக்கு வழி விடுது" என்று சிரித்தான் மாரிசாமி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

"அதெல்லாம் இருக்கட்டும். இவரு இழுப்பு எத்தனன்னு பாருங்க டீச்சர்."

தனுஜாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "ஐயோ அக்கா, இது காத்தோட இழுப்பு. நெஞ்சு இழுப்ப இது அளக்காது."

பெரியாயியின் முகம் சுண்டிப் போனது. பீலிக்கரை வாய்களை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினாள். பாழாய்ப்போன ஒரு சொல்லை நம்பியா இத்தனை தூரம் வந்தோம் என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்தது, முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. புகை நிமிர்ந்து நேராக எழும்பியது.

"கரண்டு என்னாத்துக்கு? நா ஊதுறேன் பாருங்க" என்று மாரிசாமி குனிந்து பெட்டியின் வாயில் ஊதினான். புகை லேசாக அசைந்தது. முள் ஒன்றரையைத் தொட்டு இறங்கியது.

"என்னா ஊதுறீங்க? தள்ளுங்க." இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து பெரியாயி ஒரே மூச்சாக ஊதினாள். புகை மொத்தமும் அந்த முனைக்கு ஓடியது. முள் எட்டைத் தாண்டியது.

"டீச்சர், இதுல ஏதோ கோளாறு" என்றான் மாரிசாமி. கைகளை முழங்காலில் ஊன்றி, நரம்பு புடைக்க இன்னொரு தரம் ஊதினான். இருமல் பிடுங்கியது. முள் ஒன்றில் நின்றது.

மீனைப் பார்த்துச் சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. முள்ளைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், தன் தோள் உயரம்கூட இல்லாத பெண்டாட்டியைப் பார்த்தான். புகை மறுபடி நேராக நின்றது.

"பதுளைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குப் புள்ள?" என்றான்.

பெரியாயி தனுஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அளந்துருச்சே டீச்சர்!"