ஒரு சுழி குறைகிறது

1

"முந்நூத்தி அறுபத்தஞ்சு இருக்கு. ரெண்டு தடவை எண்ணியாச்சு—"

"அதைத்தாண்ணா நானும் சொல்றேன், முந்நூத்தி அறுபத்தஞ்சுதான் இருக்கு—"

"வருஷத்துக்கு அவ்வளவுதான் நாள்!"

"வர்ற வருஷத்துக்கு ஒண்ணு கூட!"

"யாரைக் கேட்டுக் கூட்டினாங்க?"

"பூமியைப் போய்க் கேளு. அதுதான் சுத்தற சுத்துல மிச்சம் வச்சுக்கிட்டே வருது."

"போன தடவை என்ன பண்ணோம்?"

"பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி பொன்மொழியையே இருபத்தொன்பதுக்கும் போட்டோம். அதுக்கு முந்தின தடவையும் அதேதான்."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலை. எனக்குத்தான் வெக்கமா இருந்துது. இந்தத் தடவை அந்த ஒண்ணை நான் எழுதறேன்."

"நீயா?"

2

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் என்னுடையது அல்லாத பகுதி அந்த 'நீயா'வோடு முடிந்துவிட்டது.

மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்குத் தினமும் ஒரு மாத்திரை, வீட்டுக்காரருக்கு இரண்டு. [இந்த ஒன்று, இரண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.] பின்னால் நின்ற அண்ணனும் தங்கையும் இப்படி மோதிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் குரல் போய்விடும். எனக்குக் கதை வருவது காது வழியாகத்தான். கண் வழியாக வருவதெல்லாம் வெறும் வெயிலும் சுவரும்.

கடைக்காரர் "அடுத்து" என்றார். இருவரும் கப்சிப். மனிதர்கள் குடும்பச் சண்டையை ஊருக்கே கேட்கப் போடுவார்கள், இருமல் மருந்தை மட்டும் காதோடு காதாகக் கேட்பார்கள்.*

* பார்த்தீர்களா, இதுவே ஒரு பொன்மொழி ஆகிவிட்டது. ஒட்டுவாரொட்டி. இனி ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

3

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'இதமான காலைப்பொழுது. கதிரவன் தன் பொற்கரங்களை—'

விடுங்கள். கதிரவனுக்குக் கை இருந்தால் காலண்டர் தாளை அவரே கிழித்துக்கொள்வார், இந்தக் கதைக்கே வேலை இல்லை.

'அவளுக்கு ஐம்பத்தோரு வயது. இதுவரை அவள்—'

விடுங்கள். வயதில் தொடங்கினால் பரிதாபத்தில் முடியும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓர் அச்சகம் போடும் தினசரிக் காலண்டருக்குத் தாளுக்கு ஒன்றாகப் பொன்மொழி எழுதிக் கொடுக்கிறார்: வாழ்க்கை, ஒழுக்கம், விடுதலை, மனித மனம் என்று எல்லாவற்றையும் பற்றி, ஒவ்வொன்றும் ஒரே வரியில். நாலு வருஷத்துக்கு ஒருமுறை முந்நூற்று அறுபத்தாறு வேண்டும் என்பது மட்டும் அந்தக் கணக்கு வாத்தியாருக்கு மறந்துபோகும்.

தங்கை அந்த வரிகளுக்கெல்லாம் ப்ரூஃப் பார்க்கிறவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கணவனைப் பிரிந்து ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நாலு நாள் இரும்மா, அப்புறம் யோசிக்கலாம்" என்றார் அவர். அந்த நாலாம் நாள் இன்னும் வரவில்லை. கணக்கு வாத்தியார்தான், ஆனாலும் அன்பு வந்தால் அவருக்கு எண்ண வராது.

அவள் வருவதற்கு முந்தின வருஷம் ப்ரூஃப் பார்க்க ஆள் இல்லை. 'பொறுமையே குடும்பத்தின் அஸ்திவாரம்' என்று அண்ணன் எழுதியது 'பொறாமையே குடும்பத்தின் அஸ்திவாரம்' என்று வந்துவிட்டது. குறை சொல்லி ஒரு கடிதம்கூட வரவில்லை. 'உண்மையைத் துணிந்து சொன்னீர்கள்' என்று மூன்று கடிதங்கள் வந்தன. அண்ணி அந்தத் தாளை வெட்டிச் சமையலறையில் ஒட்டினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது ரகசியம். தங்கையின் கைப்பையில் ஒரு சாவி இருக்கிறது. நாலு தெரு தள்ளி ஒரு தையல்கடை, அதற்கு மேலே மாடியில் ஒற்றை அறை. "பிடிச்சிருந்தா நாலு மணிக்குள்ள சொல்லுங்க, இன்னொருத்தர் காத்திருக்காங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறாள் வீட்டுக்காரி. இருபத்தொன்பதாம் தேதித் தாளுக்கான வரியும் நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

[இரண்டுக்கும் ஒரே நாலு மணியா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். நான்தான் வைத்தேன். எழுதுகிறவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?]

4

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் வரைவில் அண்ணனைக் கொடுமைக்காரர் ஆக்கப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. தங்கையைத் திட்டச் சொன்னால் "சாப்பிட்டியாம்மா?" என்கிறார். கதவை அறைந்து சாத்தச் சொன்னால், மெதுவாகச் சாத்திவிட்டு, விரல் நசுங்கவில்லையே என்று எட்டிப் பார்க்கிறார். அண்ணியையாவது பொல்லாதவளாக ஆக்கலாம் என்று போனேன். அவள் எனக்கே டீ போட்டுக் கொடுத்தாள்.

அப்புறம் தங்கை ஏன்தான் போகவேண்டும்? இந்தக் கேள்வியில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் அவர்களே பேசினார்கள். சாப்பாட்டு மேஜை, மணி இரண்டரை, அண்ணி சமையலறையில்.

"'சுதந்திரம் என்பது—'"

"'என்பது' வேண்டாம்மா. இந்த வருஷம் பதினேழு 'என்பது' நானே போட்டாச்சு."

"சரி. 'நல்லவராக இருப்பது சுலபம். நல்லவரோடு இருப்பதுதான்—'"

"அதைப் போடு!" என்று சமையலறையிலிருந்து அண்ணி கத்தினாள். "அதையே போடு!"

"யாரைச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேண்ணா."

"பொதுவாச் சொன்னா என் பொண்டாட்டி ஏன் கரண்டியால தட்டறா?"

அந்த நேரத்தில் அச்சகத்திலிருந்து மிஷின்காரர் போன் செய்தார். "அக்கா, எல்லாத் தாளும் ரெடி. இருபத்தொன்பது மட்டும் விழுந்த பல்லு மாதிரி ஓட்டையா நிக்குது. சீக்கிரம்க்கா."

"பாரு, அவசரப்படுத்தறாங்க" என்றார் அண்ணன். "உன் ரூமுக்குப் போய் உக்காந்து எழுது. அமைதியா இருக்கும்."

"என் ரூமா?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இஸ்திரிப் பலகை, தையல் மிஷின், உன் பழைய காலண்டர் கட்டு, அண்ணியோட உடைஞ்ச மிக்ஸி, அண்ணியோட உடையாத மிக்ஸி. இதுங்கல்லாம் நகர்ந்து இடம் கொடுத்தா போறேன்."

"அதுங்க உன்னை என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை. உங்களை மாதிரியேதான். நினைச்சப்ப உள்ள வரும், இருக்கும். பன்னெண்டு வருஷத்துல யாராவது ஒருநாள் என் கதவைத் தட்டியிருக்கீங்களா?"

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "திறந்துதானேம்மா கிடக்கு? திறந்த கதவை எதுக்குத் தட்டணும்?"

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். "நல்லா இருக்கே!" என்று அந்த வரியைத் தன் நோட்டில் அடுத்த வருஷத்துக்குக் குறித்துக்கொண்டார்.

[அதை எழுதியபோது எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டும் முடியாத தூரத்தில் இருந்தார்.]

5

அவள் துண்டுக் காகிதத்தில் மூன்று சொல் எழுதினாள். கைபேசியில் படம் எடுத்து மிஷின்காரருக்கு அனுப்பினாள். பிறகு காகிதத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

அன்பு இருந்தால் விடு.

அண்ணன் கண்ணாடியை மாட்டினார். முகம் மலர்ந்தது. மேஜையில் கிடந்த அவளுடைய சிவப்புப் பேனாவை எடுத்தார். "அடியே, இங்க வாயேன்! உன் நாத்தனார் தப்பு விட்டிருக்கா! பன்னெண்டு வருஷத்துல முதல் தப்பு! ஒரு சுழி விட்டுப்போச்சு. 'அன்பு இருந்தால் வீடு.' அருமையான வரிம்மா. அந்தச் சுழியை மட்டும் போட்டுட்டா—"

"தப்பு இல்லண்ணா."

"குறில்ல எழுதியிருக்க."

"குறில்தான்."

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. [ஞாபகம் வைத்திருந்தீர்களா? நன்றி.] அந்த வித்தியாசத்துக்குள் ஒரு மாடி அறையே அடங்கிவிடுகிறது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். 'வி'யின் தலைமேல் இருக்கும் வளைவுக்கு மேல்விலங்கு என்று பெயர். 'வீ'க்கும் அதே விலங்குதான், கூட ஒரு சுழி. ஆக, வீடு என்று எழுதினாலும் விலங்கு உண்டு, விடு என்று எழுதினாலும் விலங்கு உண்டு! இதைக் கண்டுபிடித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். "என் ரெண்டையும் நீ போட்டுக்கிட்டியா?" என்று வீட்டுக்காரர் வந்து மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்தார்.

அண்ணன் விடவில்லை. "வீடுன்னாலே விடுதலைதாம்மா. அறம், பொருள், இன்பம், வீடு!"

"அது செத்தப்புறம் கிடைக்கிற வீடுண்ணா. நான் கேக்கறது தையல்கடைக்கு மேல ஒரு ரூம்."

சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சமையலறையில் அடுப்பு அணைந்தது. கரண்டிச் சத்தமும் நின்றது.

"இது எந்த வீட்டுச் சாவி?"

"என்னோடது. நாலு மணிக்குள்ள சரின்னு சொன்னா."

"நாங்க என்னம்மா குறை வச்சோம்?"

"ஒரு குறையும் வைக்கலையே. வச்சிருந்தா எப்பவோ போயிருப்பேனே!"

சொல்லும்போது அவளுக்குக் குரல் உடையவில்லை. உடைய வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன், 'அவள் தொண்டையில் ஏதோ—', விடுங்கள். அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது, அவ்வளவுதான். ராட்டினத்தில் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, வயிற்றில் ஒன்றும் இல்லாதது போல, அப்படி. "போன் வந்தா எடுண்ணா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

6

இங்கே கதையை முடித்தாக வேண்டும். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அண்ணன் சுழியைப் போட்டுவிடுகிறார். 'அன்பு இருந்தால் வீடு.' தங்கை கண்ணீரோடு சிரிக்கிறாள், சாவி திரும்பிப் போகிறது. படித்தவர்கள் எல்லாரும் உருகுவார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு—

விடுங்கள்.

தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். காற்றில் அவள் கூந்தல்—

அவளுடைய கொண்டையில் எட்டு ஊசி இருக்கிறது. ஒன்றும் பறக்காது. விடுங்கள்.

மிஷின்காரர் குழம்பிப்போய்ப் பாதிக் காலண்டருக்கு 'வீடு', பாதிக் காலண்டருக்கு 'விடு' என்று அடித்துவிடுகிறார். இருபத்தொன்பதாம் தேதி விடிந்ததும் பாதி ஊர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுக்கிறது, பாதி ஊர் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. பேருந்தை ஓட்ட ஆள் இல்லை, ஓட்டுநர் வீட்டில் தொங்குவது 'வீடு' காலண்டர். இதில் இரண்டு நாள் குஷியாகத் திளைத்தேன். ஓட்டுநரின் மனைவிக்குத் தனியாக ஒரு அத்தியாயம்கூட எழுதினேன். ஆனால் அந்தக் கூத்துக்கு நடுவில் தங்கையைக் காணவில்லை. மூன்றாம் தெரு வரை தேடிவிட்டு, அதையும் விட்டேன்.

[இதுவரை எத்தனை முறை 'விடுங்கள்' என்று உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன். யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனோ!]

7

நாலுக்கு ஐந்து நிமிஷம். போன் அடித்தது. அண்ணன் எடுத்தார்.

"சார், நீங்களா? நல்லதாப்போச்சு. அக்கா அனுப்பின வரில ஒரே ஒரு டவுட்டு. விடுவா, வீடா? சுழி உண்டா, இல்லையா? அக்கா தப்பு விட மாட்டாங்க, ஆனா காலண்டர்ல எவனாவது 'விடு'ன்னு போடுவானா? நீங்களே சொல்லிடுங்க சார், ஓட்டிடறேன்."

அண்ணன் கையில் சிவப்புப் பேனா. எதிரே காகிதம், பக்கத்தில் சாவி. ஒரு சுழிதான் பாக்கி. பேனா முனையை 'வி'யின் தலைக்கு மேலே கொண்டுபோனார். முனை காகிதத்தில் படவில்லை, தும்பி மாதிரி மேலேயே நின்றது. சமையலறை வாசலில் அண்ணி வந்து நின்றாள்.

"சார்? இருக்கீங்களா?"

"இருப்பா" என்றார் அண்ணன். "எழுதினவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

பேனாவை மூடினார். ஒரு கையில் போன், ஒரு கையில் சாவி, கூடத்தைத் தாண்டி நடந்தார். அறைக்கதவு வழக்கம்போல விரியத் திறந்து கிடந்தது. இஸ்திரிப் பலகைக்கும் காலண்டர் கட்டுக்கும் நடுவே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அண்ணனின் கால் நிலைப்படியைத் தாண்டப் போய், காற்றில் ஒரு கணம் தொங்கி, திரும்ப வெளியிலேயே இறங்கியது. சாவியைப் பைக்குள் போட்டு, விரலை மடக்கி, சுவரோடு ஒட்டிக் கிடந்த அந்தத் திறந்த கதவைத் தட்டினார். ஒரு தட்டா, இரண்டு தட்டா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இதற்கு மேல் என் காதில் எதுவும் விழாது. அவளுக்குப் பதிலாக நான் ஒரு சொல் எழுதினாலும் அது தட்டாமல் உள்ளே நுழைந்தது போலாகிவிடும். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். சீக்கிரம், மிஷின் நிற்கிறது.

"உள்ள வரலாமா?"