நாலாம் நம்பர் பஸ்ஸும் ஒரு முழங்கை இடியும்

மாவட்ட மன்றத்தில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாற்காலிகள் எல்லாம் வெறும் மரம். மெத்தை போடச் சொன்னால் மறுநாளே பத்திரிகையில் வந்துவிடும். மேட்டுத்தெரு வார்டுக்காரர் அந்த மரத்தில் ஏழு தேர்தல்களாக உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் வார்டில் யாரும் வழி காட்டமாட்டார்கள். ‘மெம்பர் வீடு’ என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள்.

வார்டுக்குள் மனிதர் பம்பரம். குழாய் வெடித்தால் குழாய்க்காரருக்கு முன்னால் போய் நிற்பார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மன்றக் கூட்டம் மட்டும்தான் அவருக்கு வினை. மதியச் சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்கு அடியில் செயலர் ஒரே சுருதியில் தீர்மானங்களை வாசிக்கத் தொடங்கினால் போதும், கண் சொருகிவிடும். அதற்கும் ஒரு வித்தை பழகி வைத்திருந்தார். இடது கையைக் கன்னத்தில் முட்டுக் கொடுத்து, எதிரே கோப்பைத் திறந்து வைத்து, வலது கையில் பேனாவைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு மாவட்டமே அவர் தலையில் ஓடுவதுபோல் இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் இரும்புக்கடைக்காரர், அதே கட்சி. இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கட்சி ஆதரிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் முழங்கையால் விலாவில் ஒரு இடி. இடி விழுந்த மறுநொடி மெம்பரின் கை மேலே போய்விடும். எதிர்க்க வேண்டிய தீர்மானம் என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடலாம். பல வருஷமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

அன்றைக்குப் பதினாலாவது தீர்மானம் வந்தது. மேட்டுத்தெருவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நாலாம் நம்பர் பஸ்ஸை அடுத்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, புதிய கடைவீதிப் பக்கம் திருப்பிவிடுவது. இதில் கட்சி கிட்சி ஒன்றுமில்லை, அவரவர் வார்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். இரும்புக்கடைக்காரர் பதறிப்போனார். இது அண்ணன் பஸ்ஸாச்சே, எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

கை ஜம்மென்று மேலே போனது. அதைப் பிடித்து இறக்குவதற்குள் செயலர் எண்ணி முடித்துவிட்டார். ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு பதினொன்று.

“எதுக்குப்பா ஓட்டுப் போட்டோம்?” என்று மெம்பர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்க பஸ்ஸைத் தூக்கிட்டீங்க அண்ணே.”

அந்த நிமிஷமே எழுந்து, ‘தூங்கிட்டேன், திரும்ப எண்ணுங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்தில் எட்டாவது தேர்தல். தூங்குமூஞ்சி மெம்பர் என்று சுவரெல்லாம் எழுதிவிடுவார்களே! பேனாவை மூடி, கோப்பை மூடி, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

அந்த பஸ் சும்மா வந்ததில்லை. முதல் நான்கு வருஷமும் செருப்புத் தேய அலைந்து அவரே கொண்டுவந்தது. அவர் செய்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்று அவருக்கே தெரியும். மேட்டுத்தெருவின் ஏற்றத்துக்கு ஆட்டோக்காரர் யாரும் வரமாட்டார். அந்தத் தெருத் தையற்கார அம்மாவின் கணவர் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போவது அந்த பஸ்ஸில்தான். பஸ் நின்றால் அந்த மனிதர் என்ன செய்வார்?

மறுநாள் மெம்பர் செயலரின் அறையில் போய் உட்கார்ந்தார். செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“எதிர்த்தவங்க யாரும் இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது சார். ஆதரிச்சவங்கள்ல ஒருத்தர்தான் கொண்டுவரணும். அதுவும் அடுத்த கூட்டத்துலயே. காரணத்தையும் சபையில சொல்லணும். இதை விட்டா ஒரு வருஷத்துக்குத் தொட முடியாது.”

மற்ற பதினொரு பேருக்கும் கடைவீதி பஸ் வெல்லக்கட்டி. ஆக, மன்றத்திலேயே அந்த பஸ்ஸைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அதைத் தொலைத்தவர்தான். மெம்பருக்கு உயிர் வந்தது. ஆனால் இரும்புக்கடைக்காரர் விரல்விட்டு எண்ணி அந்த உயிரையும் வாங்கிவிட்டார்.

“டீச்சரை மறந்துட்டீங்களே அண்ணே.”

டீச்சர் என்பது முன்வரிசையில் உட்காரும் எதிர்க்கட்சி அம்மாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் கண்டிப்பிலிருந்து ஓய்வு பெறாதவர். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு ஒரே கொள்கை. மெம்பரின் கை மேலே போனால் அவர் கை மடியில் இருக்கும், மெம்பரின் கை மடியில் இருந்தால் அவர் கை மேலே போகும். பஸ்ஸை நிறுத்துவதை அவர் எதிர்த்ததே மெம்பர் கை தூக்கியதால்தான். இப்போது மெம்பர் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போய்விடுவார். கணக்கு மறுபடியும் பதினொன்றுக்குப் பன்னிரண்டு.

வீட்டில் விஷயத்தை மூடி மறைக்கத்தான் பார்த்தார். மனைவி கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவள், பொய்ச்சாட்சி எத்தனையோ பார்த்தவள். கணவரின் கடிதங்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும். ‘அண்மையில் கிடைத்த புதிய புள்ளிவிவரங்களின் அடிப்படையில்’ என்று அவர் எழுதிக் கொடுத்த தாளை ஒரு தடவை பார்த்தாள், அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“என்னங்க புள்ளிவிவரம்?”

“பொதுவா... பஸ்ல போறவங்க எண்ணிக்கை...”

“தூங்கிட்டீங்களா?”

மெம்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அதை எழுதுங்க, அடிச்சுத் தர்றேன். இதை நான் அடிக்கமாட்டேன்.”

“மானம் போயிடும்மா.”

“தையக்காரம்மா வீட்டுக்காரருக்கு உசிரே போயிடுமுங்க. எது பெருசுன்னு நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அப்படியும் மெம்பர் தன் கையெழுத்திலேயே புள்ளிவிவரத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். மனிதன் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடுவானா என்ன?

அன்று மதியம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இரும்புக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், இடித்துத் தொலைக்கக்கூடாதே என்று. தலைவர் அழைத்ததும் மெம்பர் எழுந்து வாசித்தார். ‘புள்ளிவிவரங்களின்’ என்ற இடத்தில் முன்வரிசைக் கண்ணாடி ஒன்று மெல்லத் திரும்பியது.

“என்ன புள்ளிவிவரம்? சொல்லுங்களேன், நாங்களும் கேட்டுக்கிறோம்” என்றார் டீச்சர்.

வீட்டுப்பாடம் எழுதாத பையனைக் கேட்கிற அதே குரல். மெம்பர் தாளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தையற்கார அம்மாவின் கணவர் ஏற்றத்தில் பாதியில் மூச்சு வாங்கி நிற்பதுபோல் மனசில் தோன்றியது. தாளை இரண்டாக மடித்து மேஜையில் வைத்தார்.

“புள்ளிவிவரமும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். தூங்கிட்டேன். இவர் இடிச்சாரு, கையைத் தூக்கிட்டேன். எந்திரிச்சுச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் வெக்கத்துக்காக ஒரு மனுசன் ஆஸ்பத்திரிக்கு நடக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

மொத்த மன்றமும் சிரித்தது. செயலர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். காது மடல் சிவக்க மெம்பர் நின்றார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பு என்றதும் ஒவ்வொரு கையாக எழுந்தது, பதினொன்று வரை. மெம்பர் முன்வரிசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“பன்னண்டு” என்றார் செயலர்.

மெம்பர் நிமிர்ந்தார். டீச்சரின் கை விறைப்பாக மேலே நின்றது.

“பன்னண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் உண்மை பேசியிருக்காரு. அதுக்கு மார்க் போட வேணாமா?” என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

மாலையில் மெம்பர் நாலாம் நம்பரில்தான் வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், தேர்தல் போன துக்கம் ஒரு பக்கம். செய்தி அவருக்கு முன்னாலேயே பஸ்ஸில் ஏறியிருந்தது. எல்லார் கையிலும் போன், எல்லார் வாயிலும் சிரிப்பு. பின்சீட்டில் கணவரோடு இருந்த தையற்கார அம்மா எழுந்து நின்றாள்.

“நீங்க மன்றத்துல தூங்குவீங்கன்னு வார்டுக்கே தெரியும் மெம்பர். முழிச்சிருப்பீங்கன்னா நாங்க ஓட்டுப் போட்டோம்? கூப்பிட்டா வருவீங்கன்னு போட்டோம்.”

மெம்பருக்குக் கண் நிறைந்தது. அவள் அவரை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்தாள்.

“மேட்டுத்தெரு போய்ச் சேர அரைமணி ஆகும். நிம்மதியாத் தூங்குங்க. இறங்குற இடம் வந்ததும் நாங்க இடிக்கிறோம்.”