டிரெஸ்ஸர் தேவை

சவுரியம்மாளுக்கு முப்பத்திரண்டு வயதில் வேலை போனது. வாலாஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தவள். புண்ணைக் கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுப் போடுவது, இதுதான் டிரெஸ்ஸரின் வேலை. சீழ் பிடித்த காலைக் கண்டு மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், இவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். 1929இல் புதிதாக வந்த டாக்டர், சர்ட்டிபிகேட் உள்ள நர்சுகள் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அவளிடம் சர்ட்டிபிகேட் இல்லை.

அக்காள் வீட்டில் பத்து நாள் இருந்தாள். அப்போதுதான் பாதிரியார் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். மிஷன் பள்ளியில் படித்தவள், ஆகையால் அவளே படித்துக்கொண்டாள். ஆம்பூரில் துரைசானி பங்களாவுக்கு டிரெஸ்ஸர் தேவை. உறுதியும் சுத்தமும் முக்கியம். வியாழக்கிழமை காலை வரவும். அவ்வளவுதான் இருந்தது.

"துரைசானிக்குக் கால்ல புண்ணு ஏதாவது இருக்கும். ஆறாத புண்ணா இருந்தா ஆறு மாசமாவது வேலை இருக்கும்" என்று அக்காளிடம் சொல்லிவிட்டு, தன் துணிப் பையில் களிம்பு டப்பாவையும் கட்டுத் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

ஆம்பூரில் நசீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் இருந்தது பங்களா. டேனரிக்குத் தோல் விஷயத்தில் யோசனை சொல்ல வந்திருந்த வாட்கின்ஸ் துரையும் அவர் மனைவியும் அங்கே குடியிருந்தார்கள். சவுரியம்மாள் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, நீயும் டிரெஸ்ஸர் வேலைக்கா?" என்று கேட்டார் மூத்தவர். அவர் பெயர் கன்னியப்பன். "பொம்பளைங்க தோலுக்கு மெருகு போட்டு நான் பார்த்ததில்லையே."

"தோலா? நான் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்ண்ணே. புண்ணுக்குக் கட்டுப் போடறவ."

"அப்ப நான் யாரு? வாணியம்பாடியில எனக்குப் பேரே லெதர் டிரெஸ்ஸர்தான். பதம் பண்ண தோலைத் தேய்ச்சு, எண்ணெ காட்டி, முகம் பார்க்கற மாதிரி ஆக்கறது நான்தான்."

பக்கத்தில் தகரப் பெட்டியோடு இருந்த ஒல்லி ஆள் சிரித்தான். "ரெண்டு பேரும் வீணா வந்துட்டீங்க. துரைசானிக்கு எதுக்குத் தோலு, எதுக்குப் புண்ணு? நான் பரந்தாமன். குடியாத்தம் நாடக கம்பெனியில டிரெஸ்ஸர். ராஜா, ராணி எல்லாருக்கும் உடுப்பு மாட்டி உடறவன்." சாட்சிக்குப் பெட்டியைத் திறந்து ஒரு ஜரிகைக் கிரீடத்தைக் காட்டினான்.

அந்த நேரத்தில் டேனரி குமாஸ்தா சம்பத் வேகமாகப் படியேறி வந்தார். மூவரையும் பார்த்தார். பிறகு கேட்டுக்குப் போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வண்டி எங்க? யாரும் அலமாரி கொண்டாரலையா?"

"இன்னா அலமாரி?" என்றார் கன்னியப்பன்.

"ஐயோ, டிரெஸ்ஸர்னா தட்டுமுட்டு அடுக்கற மர அலமாரிங்க! மேல பலகைத் தட்டு, கீழ இழுப்பறை. துரைசானி கப்பல்ல கொண்டாந்த பீங்கான் தட்டெல்லாம் நாலு மாசமாத் தரையில கெடக்குது. சமையல்கட்டுக்கு மரத்துல டிரெஸ்ஸர் வேணும்னு சொன்னாங்க. விளம்பரத்துல வார்த்தை கம்மியா இருந்தா காசு மிச்சம்னு, மரத்தையும் சமையல்கட்டையும் நான்தான் எடுத்துட்டேன்."

பேச்சுச் சத்தம் கேட்டுத் துரைசானி வெளியே வந்தாள். சம்பத்துக்கு வாய் குழறியதால் சவுரியம்மாளே இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னாள். இவர் தோல் டிரெஸ்ஸர், இவர் நாடக டிரெஸ்ஸர், நான் புண் டிரெஸ்ஸர், மர டிரெஸ்ஸர் மட்டும் வரவில்லை என்றாள்.

துரைசானி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். ஆம்பூருக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்துச் சம்பத் பார்த்ததில்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லி டீ கொண்டுவரச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை படும் பாட்டை அவளும் சொன்னாள். கோழியை உரித்துச் சுத்தம் பண்ணினால் அதுவும் டிரெஸ் பண்ணுவதாம். பச்சைக் காய் இலைகளின் மேல் ஊற்றும் புளிப்புச் சாறு டிரெஸ்ஸிங்காம். சிப்பாய்கள் வரிசையில் நேராக நின்றாலும் அதே வார்த்தையாம். ஒருவரை நன்றாகத் திட்டித் தீர்த்தால்கூட டிரெஸ்ஸிங் கொடுத்தார்கள் என்பார்களாம்.

"அது எனக்குக் கெடைக்கும், துரை வரட்டும்" என்றார் சம்பத். பரந்தாமன் கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைத்தான்.

சவுரியம்மாள் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் அவளுக்கு மனசு கலங்கியது. டிரெஸ்ஸர் சவுரியம்மாள் என்று ஊரே கூப்பிட்ட பெயர், ஒரு மரப் பலகைக்கும் இருக்கிறது. பலகைக்காவது வேலை காத்திருக்கிறது. திரும்பிப் போக எத்தனை மணிக்கு ரயில் என்று யோசித்தாள்.

அப்போது கன்னியப்பன் டீக் கோப்பையை வாங்கி, ஸ் என்று உடனே கீழே வைத்துவிட்டார்.

"கையக் காட்டுங்கண்ணே."

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் காலத்துல ஒம்போது வருஷம் தோலு ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டியில நின்னவன். இப்பவும் ஆளு வரலைன்னா எறங்கிடுவேன். அதான் வெடிப்பு."

விரல்களுக்கு நடுவே தோல் பிளந்து சிவந்திருந்தது. அவள் துரைசானியிடம் கொதித்த தண்ணீர் கேட்டாள். ஆறவைத்துக் கழுவினாள், ஒற்றியெடுத்தாள், களிம்பு வைத்தாள், ஒவ்வொரு விரலையும் தனியாகச் சுற்றிக் கட்டினாள். வேலை முடிந்து நிமிர்ந்தபோது எதிரில் நசீர் அகமது சாயபு நின்றுகொண்டிருந்தார். துரையைப் பார்க்க வந்தவர்.

"இது பங்களாவா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்.

சவுரியம்மாள் எழுந்து நின்றாள். ரயில் ஞாபகம் போய்விட்டது. "சாயபு, உங்க டேனரியில சுண்ணாம்புத் தொட்டியில எத்தனை பேரு நிக்கறாங்க?"

"அறுபது பேர் இருப்பாங்க. ஏன்?"

"கை கால் புண்ணுன்னு வராதவங்க?"

சாயபு சம்பத்தைப் பார்த்தார். சம்பத் கிரீடத்தை அவசரமாகக் கழற்றினார். "தினம் பத்துப் பன்னெண்டு பேருங்க. பெரிய பேஜார்."

"புண்ணு முத்துன பிறகு ஒரு மாசம் ஆவும். வெடிப்பு உழுந்த அன்னிக்கே என்கிட்ட அனுப்பினா மூணு நாள்ல வேலைக்கு வந்துடுவாங்க. எனக்கு ஒரு ரூமும், வெந்நீர் அடுப்பும், சுத்தமான துணியும் போதும்."

"சர்ட்டிபிகேட் வெச்சிருக்கியா?"

"இல்லீங்க."

சாயபு தாடியைத் தடவினார். "மூணு நாள்னு சொன்ன இல்ல? திங்கக்கிழமை இவர் கையைக் காட்டு. அப்புறம் பேசலாம்."

"எனக்கு ஆம்பூர்லதான் மாமியார் வீடு. திங்கக்கிழமை வரைக்கும் விருந்து" என்றார் கன்னியப்பன்.

பரந்தாமன் அன்றே கிளம்பினான். அவன் மச்சான் வேலூர் லாங் பஜாரில் தச்சன். துரைசானி படம் வரைந்து கொடுத்தாள், அவன் மடித்து வாங்கிக்கொண்டான். அடுத்த மாதமே மாட்டுவண்டியில் அலமாரி வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை வரை சவுரியம்மாளைப் பங்களாவின் பக்க அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னாள் துரைசானி. காலையும் மாலையும் கன்னியப்பனின் மாமியார் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினாள். கையில் தண்ணீர் படக்கூடாது என்று கண்டிப்பு. சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டியிருந்தது. "கல்யாணத்தப்பகூட இந்த ஆளுக்கு நான் இவ்ளோ செஞ்சதில்ல" என்று மாமியார் தாயாரம்மாள் தினமும் முறையிட்டாள். சனிக்கிழமை இரவு வரை வெடிப்பு அப்படியே இருந்தது. சவுரியம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறு மாதா கோயிலுக்குப் போய்வந்து கட்டைப் பிரித்தபோதுதான் ஓரங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை சாயபு கண்ணாடி போட்டுக்கொண்டு, தோலைத் தரம் பார்த்துப் பொறுக்குவதுபோல அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது.

"நல்ல சரக்கு" என்றார். "சம்பத், எடைக் கொட்டகைக்குப் பக்கத்து ரூமைக் காலி பண்ணிக் குடு."

புதன்கிழமை ரூம் திறந்தது. காலை முழுக்க ஒருத்தரும் வரவில்லை. ஆண்கள் தூர நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானச் சங்கு ஊதியதும், ஆட்டு மயிர் பிரிக்கும் முனியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் புண்ணு இல்ல. கால்ல முள்ளு. பாப்பியா?"

"வாக்கா, உக்காரு" என்று சவுரியம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டாள்.