மயிலோடு வந்த இளவரசன்

1986ஆம் ஆண்டு ஜூலை மழையில், ஒக்லாந்தின் நியூ லின் பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றின் கூரை ஒழுகத் தொடங்கியது. முதலாளி, புதிதாகச் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கம்பளியில் சுற்றி வேலையாள் கதிர்காமநாதனிடம் கொடுத்தார். அது பழைய பாரசீகக் கவிதைச் சுவடி ஒன்றின் ஒற்றைத் தாள். ரெமுவேராவில் வசிக்கும் திருமதி ஹாலத்துக்குச் சொந்தம். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துச் செல்வார். அதுவரை உன் வீட்டில் நனையாமல் இருக்கட்டும் என்றார்.

"கண்ணாடியில் ஒரு விரலடையாளம் இருந்தாலும் திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவேண்டாம்."

கதிர்காமநாதன் படத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. அப்போது ஒக்லாந்தில் கோவில் இல்லாதபடியால் வெள்ளிதோறும் ஒவ்வொரு வீட்டில் கூட்டுப் பூசை நடக்கும். அந்த வாரம் அவர் வீட்டு முறை.

குளித்துவிட்டு வந்தால், வரவேற்பறை நடுவில் படம் நிற்கிறது! நீலமும் தங்கமுமாய் ஒரு தோட்டம், முடி தரித்த இளவரசன், காலடியில் மயில், பின்னால் ஈட்டி பிடித்த காவலன், இரு பக்கமும் இரண்டு பெண்கள். கண்ணாடியில் மூன்று சந்தனப் பொட்டு. பக்கத்து வீட்டுக் கமேலியாப் பூவில் மாலை வேறு.

"என்னப்பா இது!"

"கதிர்காமநாதன் எண்டு பேரை வைச்சுக்கொண்டு முருகனைக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறியளே, வெக்கமாயில்லையோ?" என்றாள் மனைவி ரதிதேவி.

"உது முருகனில்லை. மீசையைப் பாரும்!"

"குளிருக்கு வளர்த்திருப்பார்."

"கையில வைன் கிண்ணம்!"

"அது பால். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் வைன்தான்."

அதற்குள் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். யாரும் எதிர்த்துக் கதைக்காத செல்வநாயகி அக்கா நேரே படத்தின் முன்னால் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினார். "முருகா! என்ர தம்பிக்கு விசா கிடைச்சு அவன் வந்து இறங்குமட்டும், வெள்ளிக்கு வெள்ளி இந்தப் படத்துக்கு முன்னால தேங்காய் உடைப்பன்!"

"அரோகரா!" என்றது கூட்டம். பழக்கதோஷத்தில் கதிர்காமநாதனும் சேர்ந்து சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பொட்டைத் துடைக்க அவர் துணி எடுத்தபோது, தேங்காயோடு வாசலில் அக்கா.

"கையை எடும் தம்பி!"

"என்ர வேலை போயிடும், அக்கா."

"பொட்டை அழிச்சால் என்ர தம்பியின்ர விசா போயிடும்."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும் காரில் ஏறிவிட்டார்.

கடையில் திருமதி ஹாலம் பொட்டைப் பார்த்தார். முதலாளி கதிர்காமநாதனைப் பார்த்தார். கதிர்காமநாதன் பக்கத்து ஊரான ஹென்டர்சனில் வேறு வேலை கிடைக்குமா என்று யோசிக்கத் தொடங்கினார். அக்கா மட்டும் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேர்த்திக்கடனை விளக்கினார்.

"இவர் கடவுள் இல்லையம்மா" என்றார் திருமதி ஹாலம் மெதுவாக. "காதல் பித்துப் பிடித்த இளவரசர். பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கெஞ்சுகிறார். மேலே எழுதியிருப்பதும் அந்தக் கவிதைதான்."

"கேட்டீரோ தம்பி! வள்ளியிட்டயும் அப்பிடித்தானே கெஞ்சினவர்!"

உடனே அக்கா வள்ளி திருமணத்தை நடித்தே காட்டினார். கூன் விழுந்த கிழவனாகத் தள்ளாடினார். பிறகு யானையாகிப் பிளிறினார். பிளிறலில் சுவரிலிருந்த வெறும் சட்டம் ஒன்று விழுந்தது. திருமதி ஹாலம் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பொட்டு அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள்."

முதலாளி விழுந்த சட்டத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார்.

அன்றுமுதல் வெள்ளிதோறும் ரெமுவேராவின் கல்படியில் தேங்காய் உடைந்தது. ஒக்டோபரில் விசா கிடைத்துத் தம்பியும் வந்து இறங்கினான். நேர்த்தி முடிந்தது.

அடுத்த வாரம் கடைக்குத் தொலைபேசி அழைப்பு. "திருமதி ஹாலம். கோபமாக இருக்கிறார்" என்று முதலாளி நீட்டினார். கதிர்காமநாதன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"நேற்று ஏன் ஒருவரும் வரவில்லை? நானே தேங்காயைச் சுத்தியலால் அடித்தேன். அது உருண்டு போய்ப் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் மிதக்கிறது!"

"அக்காவின் நேர்த்தி முடிந்துவிட்டதே, அம்மா."

"அது அவருடையது. என்னுடைய முழங்கால் வலி இன்னும் பாதிதானே குறைந்திருக்கிறது? வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்கள். சுண்டலை மறக்க வேண்டாம்."

கதிர்காமநாதன் வாயிலிருந்து "அரோகரா" தானாக வந்தது.