இடதுபக்கப் பெட்டி

நாள் முழுக்க ரிப்பேர் கடையில் ஊரார் டிவி போர்டுகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் குப்புறக் கிடந்தன. பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். வித்துட்டேன்."

"ஏங்க?"

"இனிமே எனக்கு எதுக்கு? அண்ணன் குடோன் வேலைக்கு வரச் சொல்றாரு. போறேன்."

இவருக்குப் பாட்டு மிக்சிங் வேலை. குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து கொடுப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பெட்டிகளில் கேட்டுத்தான் கலக்கிறார். சில வருஷமாகப் பாட்டெல்லாம் திரும்பி வந்தது. காதைக் குத்துகிறது என்றார்கள். முதலில் சண்டைக்குப் போனார். ஆட்கள் வருவது நின்றதும், தன் காது போய்விட்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் நகரமாட்டார். டாக்டர் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

அவர் பாட்டை ஃபோனில் கேட்டுவிட்டு, குத்துகிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பொழுதன்னைக்கும் சால்டர் புகையில உக்காந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்?" என்றார். ஒருவேளை எனக்குத்தான் கோளாறோ என்று வாயை மூடிக்கொண்டேன். சமையலறையில் பாடுவதையும் விட்டுவிட்டேன். அதை அவர் கவனிக்கவே இல்லை.

பெட்டியை நிமிர்த்தியபோது உள்ளே ஏதோ உருண்டது. கழன்ற திருகாணியோடு கொடுத்தால் வாங்குகிறவன் நாளைக்கே வந்து நிற்பான். அலுத்துக்கொண்டே பின்பலகையைக் கழற்றினேன். திருகாணி கிடைத்தது. கூடவே கிராஸ்ஓவர் கண்ணில் பட்டது. வரும் சத்தத்தைப் பிரித்து, கனமானதைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய கீச்சு ஒலியைச் சின்னதற்கும் அனுப்புகிற பலகை அது. சின்னதற்குப் போகும் வழியில் இருந்த கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. பழக்கதோஷம், மீட்டரை வைத்தேன். உள்ளே காய்ந்து செத்துவிட்டது. அடுத்த பெட்டியையும் திறந்தேன். அதிலும் அதே கதி.

ஒரே நாளில் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். வருஷக்கணக்கில், இரண்டிலும் ஒன்றுபோலக் காய்ந்தால் யாருக்குத் தெரியும்? பெட்டி கீச்சு ஒலியை விழுங்க விழுங்க, மனுஷன் பாட்டில் அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். வெளியே மற்றவர்கள் காதில் அது முழுசாகப் போய் இறங்கியிருக்கிறது. தினமும் கெப்பாசிட்டர் மாற்றுகிற நானும் சொந்த வீட்டுப் பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை.

பையைக் கொட்டித் தேடினேன். அதே அளவில் எதுவும் இல்லை. சின்னது இரண்டைச் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். ஆனால் ஒரு பெட்டிக்குத்தான் காணும். சால்டரைச் சூடேற்றினேன்.

"வித்த பொருளை என்ன பண்றே?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

இடதுபக்கப் பெட்டியை முடித்து ஒயரை மாட்டி, அவருடைய பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொன்னேன். வேண்டாவெறுப்பாகப் போட்டார். வலது பக்கம் கேட்டார். இடது பக்கம் திருப்பினார். மறுபடி வலது, மறுபடி இடது. முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப என் காது?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. பெட்டிதான் செத்துப்போச்சு."

தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழுந்து, கடைசியாகத் திரும்பி வந்த பாட்டை இடது பெட்டியில் போட்டார். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் இருந்தது. முதல் வரி முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

"இதையா இத்தனை நாளா கேட்டுட்டிருந்தே?"

"ஆமா."

"நீ அப்பவே சொன்னேல்ல?"

"சொன்னேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபமும் இருந்தது. எல்லாவற்றையும்விட அசதியாக இருந்தது. அவர் ஃபோனை எடுத்து, பெட்டியை விற்கவில்லை என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கீச்சைக் குறைத்து, அதே வரியைத் திரும்ப ஓடவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எப்படியிருக்கு? நீ சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கண் சொருகியது. கை கழுவக்கூட எழாமல் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"இன்னும் குத்துதுங்க."

குறைத்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."