ஒன்பது சதவீத வியாழக்கிழமை

தில்லைக்கரசி ஆய்வுக்கு எடுத்த கோழி சாசேஜில் ஒன்பது சதவீதம் வியாழக்கிழமை இருந்தது. சட்டம் இரண்டு சதவீதம்வரை அனுமதிக்கிறது. குளிர் அறையில் நாலைந்து நாள் கிடக்கும் இறைச்சியில் கொஞ்சம் நாள் ஊறத்தான் செய்யும். ஒன்பது என்பது ஊறியதல்ல, சேர்த்தது.

கை தவறியிருக்குமோ என்று அவள் மறுபடி முதலிலிருந்து செய்தாள். அரைத்தாள், உலர்த்தினாள், ஈதரில் கொழுப்பைக் கரைத்தெடுத்தாள், அமிலத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை அளந்தாள். நீர் அறுபத்தொன்று, கொழுப்பு பதினான்கு, புரதம் பதின்மூன்று, உப்பும் சாம்பலும் மூன்று. மீதி ஒன்பதில் இரண்டு சொட்டு மருந்து விட்டாள். செவ்வாய் என்றால் சிவக்கும், சனி என்றால் கறுக்கும். இது குரு சன்னிதியில் சாத்தும் துணியைப்போல மஞ்சளாகத் திரண்டது.

ஊரில் ஆறு வாரமாக வியாழக்கிழமை வருவதில்லை. புதன்கிழமை படுத்து எழுந்தால் வெள்ளிக்கிழமை. ஜனங்கள் அனுசரித்துக்கொண்டார்கள். அனுசரிக்க முடியாமல் தவித்தவன் அவள் கணவன் சுகுமாரன்தான். கடைவாய்ப் பல்லில் சொத்தை. அந்த ஊருக்குப் பல் டாக்டர் வருவது வியாழக்கிழமை மட்டும். இடது கன்னம் பன் மாதிரி வீங்கி, ரசம் சாதத்தைக்கூட வலது பக்கம் ஒதுக்கித்தான் விழுங்கிக்கொண்டிருந்தான்.

சாசேஜ் கம்பெனி மேனேஜர் பெர்னார்ட் மறுநாளே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்.

"மேடம், மைதா கலந்தோமா, சாயம் கலந்தோமா? நாள்தானே! அதுவும் ஞாயித்துக்கிழமையில கை வச்சோமா? வியாழக்கிழமையால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"ஒன்பது சதவீதம் இருக்கு சார்."

"கோழி விலை ஏறிப்போச்சு மேடம். வியாழன் சும்மா கிடைக்குது. கடிச்சா மெத்துன்னு வேற இருக்கு."

அப்போது அவள் போன் அடித்தது. சுகுமாரன். வார்த்தை ஒன்றும் இல்லை, முனகல் மட்டும். பெர்னார்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வீட்டுக்காரரா? பல்லா?" என்றார் கனிவாக. "குடோன்ல கலக்காத வியாழன் இருக்கு மேடம். அரை நாள் டப்பாவில போட்டுக் கொடுத்துடறேன். ரிப்போர்ட்ல அந்த ஒன்பதை ரெண்டாக்கி, மீதியைத் தண்ணியில சேர்த்துடுங்க."

தில்லைக்கரசி பேனாவை மூடினாள், திறந்தாள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு புள்ளியைக்கூட அவள் இடம் மாற்றி வைத்ததில்லை. ஆனால் முந்தின நாள், சுகுமாரன் கன்னத்தைப் பிடித்தபடி கொல்லையில் பழுத்த கொய்யாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அது நினைவுக்கு வந்தது.

"தண்ணி அறுபத்தொண்ணு," என்றாள் கடைசியில். "அறுபத்தெட்டு ஆகாது சார்."

பெர்னார்ட் வருத்தத்தோடு எழுந்தார். "அப்போ அது வியாழன்தான்னு நீங்க நிரூபிக்கணும். மஞ்சளா இருந்தா மட்டும் போதுமா? மஞ்சத்தூளும் மஞ்சளாத்தான் இருக்கு."

அவர் சொன்னதும் நியாயம்தான். விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். கலப்படப் பொருளைத் தனியே பிரித்து, அது வழக்கமாகச் செய்யும் வேலையைச் சாட்சி முன்னால் செய்துகாட்ட வேண்டும் என்று இருந்தது.

அடுத்த நாள் காலை, பறிமுதல் செய்து வைத்திருந்த நாற்பது கிலோ சாசேஜையும் குடுவைகளில் போட்டு மெல்லச் சூடாக்கினாள். நாள் தண்ணீரைவிட லேசு. அறுபது டிகிரியிலேயே ஆவியாகிவிடும். கூடுதலாகச் சூடேறினால் தீய்ந்து வெள்ளிக்கிழமையாகிவிடும் என்பதால் அடுப்பைவிட்டு நகரவில்லை. மாலை மூன்று மணிக்குள் சொட்டுச் சொட்டாக ஒரு மணி இருபது நிமிஷ வியாழன் சேர்ந்தது. லேசான பூண்டு வாசனை அடித்தது.

சுகுமாரனை ஆட்டோவில் வரச் சொன்னாள். பெர்னார்ட் சாட்சியாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் மூடியைத் திறந்தாள். அறைக்குள் வியாழக்கிழமை பரவியது. கதவைத் தட்டிவிட்டு டாக்டர் நாச்சியப்பன் பையோடு உள்ளே வந்தார்.

"ஆறு வாரமா எங்க போனீங்க?" என்று சுகுமாரனை அதட்டினார். "வாயைத் தொறங்க."

இருபத்தைந்தாவது நிமிஷம் பல் வந்தது. சுகுமாரன் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். வாயில் பஞ்சு இருந்ததால் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பெர்னார்ட் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். மிச்சம் நேரம் இருந்ததால் தன் பல்லையும் ஒருமுறை காட்டிக்கொண்டார்.

தில்லைக்கரசி அறிக்கையில் எழுதினாள்: 'பல் டாக்டர் வந்தார். வியாழன் உறுதி. மாதிரி தரமற்றது.'

வியாழன் தீர்ந்தது. அறையில் பழையபடி செவ்வாய்க்கிழமை. டாக்டர் மட்டும் தீரவில்லை. திரும்பிப் போக நாள் இல்லாமல் பையை மூடி வைத்துக்கொண்டு நின்றார். ஆய்வில் மிஞ்சியதை ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும். தில்லைக்கரசி ஒரு சீட்டில் மாதிரி எண் எழுதி, அவர் சட்டைப் பையில் ஒட்டி, குளிர் அறைக் கதவைத் திறந்தாள்.

"மேல் தட்டா, கீழ்த் தட்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஈரலுக்குப் பக்கத்துல இடம் இருக்கு டாக்டர்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டார்.